பறவைக்கு உண்டு, மனிதனுக்கு இல்லை! - அமெரிக்காவில் ஹெம்ப் விதை உணவான கதை

குருமாவுக்குத் தேங்காயோடு சேர்த்து அரைக்கும் கசகசா எந்தச் செடியிலிருந்து வருகிறது தெரியுமா? அபின் எடுக்கிறார்களே, அதே செடியிலிருந்துதான்! காயைக் கீறினால் வழியும் பால் போதைப்பொருள். அதே காய் முற்றிக் காய்ந்த பிறகு உள்ளே இருக்கும் விதை மளிகைச் சாமான். நம் ஊர் மளிகைக் கடையில் யாரும் கேள்வி கேட்காமல் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்கள். ஆனால் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், சவூதி அரேபியா போன்ற நாடுகளில் அது தடைசெய்யப்பட்ட பொருள். தெரியாமல் மசாலா சாமான்களோடு எடுத்துப் போய் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

ஒரே விதை. ஒரு நாட்டில் சமையல் பொருள், இன்னொரு நாட்டில் குற்றம். விதை மாறவில்லை, சட்டம்தான் மாறுகிறது.

கசகசாவுக்கு ஒரு தம்பி உண்டு. அதுதான் ஹெம்ப் விதை. இந்த விதையைச் சாப்பிடலாமா கூடாதா என்று அமெரிக்க அரசாங்கம் முடிவு செய்ய 80 வருடங்களுக்கு மேல் ஆனது. நடுவில் புறாக்கள் வந்தன, உலகப்போர் வந்தது, எல்லையில் சரக்கு பிடிபட்டது, கோர்ட் கேஸ் நடந்தது. அந்தக் கதைதான் இது.

பெயர்க் குழப்பம்

முதலில் பெயரைச் சரி செய்துகொள்ள வேண்டும். அகராதியில் ஹெம்ப் என்ற சொல்லுக்குச் சணல் என்று போட்டிருக்கும். ஆனால் நாம் சணல் என்று சொல்வது பெரும்பாலும் கோணிப்பை செய்யும் ஜூட் செடியை. வயலில் பசுந்தாள் உரத்துக்காக விதைக்கும் சணப்பு வேறு. இவை இரண்டுக்கும் ஹெம்ப்புக்கும் உறவே இல்லை.

உண்மையான ஹெம்ப் என்பது கஞ்சா செடியேதான். தாவரவியல் பெயர் கன்னாபிஸ் சடைவா. அதே இனத்தில் போதை மிகக் குறைவாக உள்ள வகைகளை நாருக்காகவும் விதைக்காகவும் பல நூறு வருடங்களாக வளர்த்து வந்திருக்கிறார்கள். அந்த வகைகளுக்குத்தான் ஹெம்ப் என்று பெயர். தமிழில் இதற்குத் தனிப் பெயர் இல்லாததால் இந்தக் கட்டுரையில் ஹெம்ப் என்றே இருக்கட்டும்.

போதை தரும் பொருளின் பெயர் டெட்ராஹைட்ரோகன்னாபினால். சுருக்கமாக டி.எச்.சி. இஸ்ரேலைச் சேர்ந்த ரஃபேல் மெக்கோலம், யெஹியல் காவோனி என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1964-ல்தான் இதைத் தனியாகப் பிரித்து அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். இந்த வருடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கோர்ட்டில் தேவைப்படும்.

எவ்வளவு டி.எச்.சி. இருந்தால் கஞ்சா, எவ்வளவு இருந்தால் ஹெம்ப்? இன்று பல நாடுகளின் சட்டத்தில் இருக்கும் எல்லைக்கோடு 0.3 சதவீதம். இது கடவுள் போட்ட கோடு இல்லை. எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் கிரான்குவிஸ்ட் என்ற இரண்டு தாவரவியல் அறிஞர்கள் 1976-ல் செடிகளை வகைப்படுத்துவதற்காக ஒரு வசதிக்குப் போட்ட கோடு. பிற்பாடு சட்டம் எழுதியவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

விதையில் போதை இருக்கிறதா?

விதைக்குள் டி.எச்.சி. உற்பத்தி ஆவதில்லை. பூவிலும், விதையை மூடியிருக்கும் சிறிய இலைகளிலும் உள்ள பிசின் சுரப்பிகளில்தான் அது இருக்கிறது. அறுவடையின்போது அந்தப் பிசின் கொஞ்சம் விதையின் ஓட்டில் ஒட்டிக்கொள்கிறது. நன்றாகச் சுத்தம் செய்தால் பெரும்பகுதி போய்விடும். ஆனாலும் பத்து லட்சத்தில் சில பங்கு என்ற அளவில் மிச்சம் இருக்கும்.

மற்றபடி விதை சத்தானது. சுமார் கால் பங்கு புரதம், சுமார் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். அந்த எண்ணெயில் ஒமேகா-6, ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் ஏறக்குறைய 3-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. சீனாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் இமயமலை அடிவாரத்திலும் மக்கள் நெடுங்காலமாகச் சாப்பிட்டு வந்த விதை இது. உத்தராகண்டின் குமாவுன், கட்வால் பகுதிகளில் இதை வறுத்து, சீரகம், பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்து அரைத்து 'பாங் கி சட்னி' செய்கிறார்கள். பெயரில்தான் பாங் இருக்கிறது, சட்னியில் போதை இல்லை.

ஆக, பிரச்சனை அந்த ஒட்டிக்கொண்ட துளி பிசின்தான். அந்தத் துளியை என்ன செய்வது என்பதில்தான் ஒரு அரசாங்கமே தடுமாறியது.

1937: புறாக்கள் காப்பாற்றிய விதை

அமெரிக்காவில் 1930-களில் கஞ்சாவுக்கு எதிராகப் பெரிய பிரச்சாரம் நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர் போதைமருந்துத் துறையின் தலைவர் ஹாரி ஆன்ஸ்லிங்கர். 1930-லிருந்து 1962 வரை அந்த நாற்காலியில் இருந்தவர். நேரடியாகத் தடை செய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் இருக்கிறதா என்ற சந்தேகம் இருந்ததால் வரி என்ற வழியில் வந்தார்கள். பதிவு செய்யாதவருக்குக் கஞ்சாவைக் கைமாற்றினால் ஒரு அவுன்சுக்கு 100 டாலர் வரி! அந்தக் காலத்தில் அது தலை சுற்றும் தொகை. பெயருக்கு வரி, உண்மையில் தடை.

1937 ஏப்ரல் கடைசியில் இந்த மசோதா பற்றி காங்கிரஸ் குழு முன்னால் விசாரணை நடந்தது. முதலில் எழுதப்பட்ட மசோதாவின்படி விதையும் கஞ்சாவாகவே கருதப்பட்டது. அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காத சிலர் வந்து நின்றார்கள். பறவைத் தீவன வியாபாரிகள்!

தீவன வியாபாரத்தைச் சேர்ந்த ரேமண்ட் ஸ்கார்லெட் என்பவர் குழுவிடம் தன் கஷ்டத்தைச் சொன்னார். புறாத் தீவனத்தில் ஹெம்ப் விதை கட்டாயம் வேண்டும், அதற்கு மாற்றாக வேறு விதை கிடைக்கவில்லை என்றார். குழுத் தலைவருக்கு ஒரு சந்தேகம். கஞ்சா மனிதனுக்குச் செய்வதை இந்த விதை புறாவுக்குச் செய்யுமா என்று கேட்டார். அப்படி எதையும் தான் கவனித்ததில்லை என்றும், இறகு நன்றாக முளைக்கிறது, பறவை தேறுகிறது என்றும் ஸ்கார்லெட் பதில் சொன்னார்.

எண்ணெய் வித்துத் தொழிலின் சார்பில் முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர் ரால்ஃப் லோசியரும் வந்தார். கீழ்த்திசை நாடுகளிலும் ரஷ்யாவின் சில பகுதிகளிலும் மக்கள் இந்த விதையை உணவாகவே சாப்பிடுகிறார்கள் என்று எடுத்துச் சொன்னார். அதாவது, ஹெம்ப் விதை மனிதனுக்கு உணவு என்ற விஷயம் 1937-லேயே அமெரிக்க காங்கிரசின் ஏட்டில் ஏறிவிட்டது.

கடைசியில் சமரசம் ஏற்பட்டது. முளைக்காதபடி சூடாக்கிய விதை, விதையிலிருந்து எடுத்த எண்ணெய், பிண்ணாக்கு, முற்றிய தண்டு, அதன் நார் இவையெல்லாம் 'மரிஹுவானா' என்ற வரையறைக்குள் வராது என்று எழுதினார்கள். 1937 ஆகஸ்ட் 2 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். அக்டோபர் 1 முதல் சட்டம் அமலுக்கு வந்தது.

புறாக்களுக்காகப் போட்ட அந்த ஒரு வரிதான் 60 வருடங்களுக்கு மேல் கழித்து மனிதர்களைக் காப்பாற்றப் போகிறது என்று அன்று யாருக்கும் தெரியாது.

போர் வந்தது, போனது

இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் பிலிப்பைன்சைப் பிடித்தது. கப்பல் கயிறுக்கான மணிலா நார் வரத்து நின்றுபோனது. உடனே அமெரிக்க அரசாங்கம் தலைகீழாக மாறியது. 1942-ல் விவசாயத் துறையே விவசாயிகளை ஹெம்ப் பயிரிடச் சொல்லி 'வெற்றிக்காக ஹெம்ப்' என்ற அர்த்தத்தில் ஒரு பிரச்சாரப் படம் எடுத்தது! போர் முடிந்ததும் ஆர்வமும் முடிந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் 1957-ல் நடந்த அறுவடையோடு பழைய ஹெம்ப் விவசாயம் ஓய்ந்தது.

1969-ல் உச்ச நீதிமன்றம் அந்த வரிச் சட்டத்தை செல்லாததாக்கியது. அதற்குப் பதிலாக 1970-ல் ஜனாதிபதி நிக்சன் காலத்தில் கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் சட்டம் வந்தது. அதில் மரிஹுவானா முதல் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் வரையறை மட்டும் 1937-ல் எழுதியதுதான். விதை, எண்ணெய், பிண்ணாக்கு விதிவிலக்கு அப்படியே தொடர்ந்தது. கூடவே அதே பட்டியலில் 'டெட்ராஹைட்ரோகன்னாபினால்கள்' என்று இன்னொரு வரியும் தனியாகச் சேர்ந்தது.

இந்த இரண்டு வரிகளும் ஒன்றோடொன்று மோதும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. ஏனென்றால் அமெரிக்காவில் அன்று ஹெம்ப் விதையை உணவாக விற்பவர் அநேகமாக யாரும் இல்லை.

எல்லையில் பிடிபட்ட பறவைத் தீவனம்

1990-களில் நிலைமை மாறியது. இயற்கை உணவுக் கடைகளில் ஹெம்ப் விதை போட்ட ரொட்டி, எண்ணெய், இனிப்புக் கட்டிகள் வர ஆரம்பித்தன. செய்தவர்கள் பெரும்பாலும் சிறு நிறுவனங்கள். அமெரிக்காவில் பயிரிட முடியாததால் விதை வெளிநாட்டிலிருந்து வந்தது. 1998 மார்ச்சில் கனடா தன் விவசாயிகளுக்கு ஹெம்ப் பயிரிட அனுமதி கொடுத்தது. உணவுப் பொருளில் ஒரு கிராமுக்கு 10 மைக்ரோகிராம் டி.எச்.சி. வரை இருக்கலாம் என்றும் அளவு வைத்தது. அமெரிக்க வியாபாரிகளுக்குப் பக்கத்திலேயே சந்தை கிடைத்துவிட்டது.

1999 ஆகஸ்டில் டெட்ராய்ட் எல்லையில் ஒரு லாரியை அமெரிக்கச் சுங்கத்துறை நிறுத்தியது. உள்ளே கெனெக்ஸ் என்ற கனடா நிறுவனத்தின் ஏறக்குறைய 20 டன் ஹெம்ப் விதை. எதற்காக? பறவைத் தீவனத்துக்காக! முளைக்காதபடி செய்யப்பட்ட விதைதான். 1937 சட்டத்தில் எந்த வியாபாரத்துக்காக விதிவிலக்கு கொடுத்தார்களோ அதே வியாபாரம். ஆனாலும் விதையில் டி.எச்.சி. துளி இருக்கிறது என்று சரக்கைப் பிடித்து வைத்தார்கள். அதில் இருந்ததாகச் சொல்லப்பட்ட அளவு சுமார் 0.0014 சதவீதம். அதாவது 100 கிலோ விதைக்கு 1.4 கிராம்.

இப்போது அரசாங்கத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர்களுடைய பயம் முழுக்க முழுக்கக் கற்பனை இல்லை. அந்தக் காலத்தில் வந்த சில எண்ணெய்களில் விதை சரியாகச் சுத்தம் செய்யப்படாததால் டி.எச்.சி. அதிகமாக இருந்தது. அதைச் சாப்பிட்டவர்களின் சிறுநீர்ப் பரிசோதனையில் கஞ்சா பிடித்த மாதிரி முடிவு வந்ததும் உண்டு. ராணுவத்திலும் பல கம்பெனிகளிலும் அந்தப் பரிசோதனையில் தோற்றால் வேலை போய்விடும். இன்னொரு பக்கம், கஞ்சா பிடித்தவரும் 'நான் ஹெம்ப் எண்ணெய்தான் சாப்பிட்டேன்' என்று தப்பிக்கலாம். அமெரிக்க விமானப்படை 1999-ல் தன் வீரர்கள் ஹெம்ப் விதை எண்ணெய் சாப்பிடக் கூடாது என்று உத்தரவே போட்டது.

வியாபாரிகள் இதற்குப் பதில் தேடினார்கள். விதையை இன்னும் நன்றாகச் சுத்தம் செய்தார்கள். தோல் நீக்கிய விதைக்கு பத்து லட்சத்தில் 1.5 பங்கு, எண்ணெய்க்கு 5 பங்கு என்று தாங்களாகவே எல்லை வைத்துக்கொண்டார்கள். தினமும் 0.6 மில்லிகிராம் டி.எச்.சி. வரை உணவின் மூலம் உள்ளே போனாலும் பரிசோதனையில் தோற்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று 2001-ல் ஒரு ஆய்வும் வெளியானது.

இந்த இடத்தில் கசகசாவை மறுபடி நினைத்துப் பாருங்கள். கசகசா போட்ட ரொட்டி சாப்பிட்டவர்களும் அதே சிறுநீர்ப் பரிசோதனையில் அபின் சாப்பிட்ட மாதிரி மாட்டினார்கள். அதற்கு அமெரிக்க அரசாங்கம் என்ன செய்தது? கசகசாவைத் தடை செய்யவில்லை. 1998 கடைசியில் பரிசோதனையின் எல்லையை 300 நானோகிராமிலிருந்து 2000 நானோகிராமாக உயர்த்தியது. கசகசாவுக்காக அளவுகோலை மாற்றினார்கள். ஹெம்ப்புக்கு என்ன செய்தார்கள்?

2001 அக்டோபர் 9

அந்த நாளில் போதைமருந்துத் தடுப்பு நிர்வாகம் (டி.இ.ஏ.) அரசிதழில் புதிய விதிகளை வெளியிட்டது. அப்போது அதன் தலைவர் ஆசா ஹட்சின்சன். நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆப்கானிஸ்தானில் குண்டுவீச்சு தொடங்கி இரண்டே நாள். நாட்டின் கவனம் எங்கேயோ இருந்த நேரம்.

விதிகள் சொன்னது இதுதான்: எந்தப் பொருளிலும் எவ்வளவு குறைந்த அளவில் டி.எச்.சி. இருந்தாலும் அது முதல் பட்டியல் போதைப்பொருள். அதாவது ஹெராயின் இருக்கும் பட்டியல்! ஆனால் வாய் வழியாக உள்ளே போகாத பொருட்களுக்கு விலக்கு உண்டு. துணி, கயிறு, காகிதம், சோப்பு, ஷாம்பு எல்லாம் ஓ.கே. முளைக்காத விதை கலந்த பறவைத் தீவனமும் ஓ.கே.

மனிதன் சாப்பிடும் ரொட்டி மட்டும் குற்றம்.

கடைக்காரர்களுக்கும் உற்பத்தியாளர்களுக்கும் சரக்கைத் தீர்க்க 120 நாள் கெடு. 2002 பிப்ரவரி 6 வரை. பிறகு மார்ச் 18 வரை நீட்டினார்கள். பல கடைகள் அதற்கு முன்பே பயந்து அலமாரியைக் காலி செய்தன. முந்தின நாள் வரை மளிகைச் சாமானாக இருந்ததை அடுத்த நாள் வைத்திருந்தால் போதைப்பொருள் வைத்திருந்த மாதிரி. சின்ன நிறுவனங்களுக்கு இது வாழ்வா சாவா பிரச்சனை.

2001 டிசம்பரில் பல ஊர்களில் டி.இ.ஏ. அலுவலகங்களின் வாசலிலேயே ஹெம்ப் உணவுகளை ருசி பார்க்கக் கொடுத்துப் போராட்டம் நடத்தினார்கள். இன்னொரு பக்கம் ஹெம்ப் தொழில்கள் சங்கமும் சில நிறுவனங்களும் சேர்ந்து கோர்ட்டுக்குப் போனார்கள். செலவில் பெரிய பங்கு கொடுத்தது டாக்டர் பிரானர்ஸ் என்ற சோப்புக் கம்பெனி. இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சோப்புக்குத்தான் விதியிலேயே விலக்கு இருந்ததே! ஆனாலும் இறங்கினார்கள்.

கோர்ட் என்ன சொன்னது?

வழக்கு சான் பிரான்சிஸ்கோவில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. 2002 மார்ச் 7 அன்று, கெடு முடிய 11 நாள் இருக்கும்போது, விதிகளுக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. கடைகளில் பொருள் மறுபடி வந்தது.

டி.இ.ஏ.வின் வாதம் எளிமையானது. சட்டத்தின் பட்டியலில் டி.எச்.சி. என்று தனி வரி இருக்கிறது. எங்கிருந்து வந்தாலும் டி.எச்.சி. டி.எச்.சி.தான். எனவே இது புதிய சட்டம் இல்லை, இருக்கும் சட்டத்துக்கு விளக்கம்தான்.

நீதிமன்றம் 2003 ஜூன் 30 அன்று முதல் தீர்ப்பைக் கொடுத்தது. டி.எச்.சி. என்ற வரி இத்தனை வருடமும் செயற்கையாகத் தயாரித்த டி.எச்.சி.யைத்தான் குறித்தது, அதை மாற்றினால் அது விளக்கம் ஆகாது, புது விதியே, பொதுமக்களிடம் முறைப்படி கருத்துக் கேட்காமல் அதைக் கொண்டுவர முடியாது என்று சொல்லி 2001-ன் 'விளக்கத்தை' ரத்து செய்தது.

ஆனால் டி.இ.ஏ. சும்மா இருக்கவில்லை. அந்தத் தீர்ப்புக்கு முன்பே 2003 மார்ச் 21 அன்று அதே விஷயத்தை முறைப்படி இறுதி விதிகளாகவும் வெளியிட்டிருந்தது. எனவே இரண்டாவது வழக்கு.

2004 பிப்ரவரி 6. நீதிபதி பெட்டி ஃப்ளெட்சர் எழுதிய தீர்ப்பு டி.இ.ஏ.வுக்கு எதிராக வந்தது. காரணம், புறாக்களின் 1937! அன்று மசோதா எழுதியவர்களுக்கு டி.எச்.சி. என்ற பெயர் தெரியாது. (அதன் அமைப்பு தெளிவானதே 1964-ல்தான்.) ஆனால் ஹெம்ப் செடியின் பிசினில் போதைப் பொருள் துளி அளவில் இருக்கிறது என்று தெரியும். தெரிந்தேதான் விதைக்கும் எண்ணெய்க்கும் விலக்கு கொடுத்தார்கள். 1970-ல் அதே வரையறையை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். காங்கிரஸ் தெளிவாகச் சொன்ன ஒன்றை ஒரு அரசு அலுவலகம் விதி போட்டு மாற்ற முடியாது. போதை தராத ஹெம்ப்பைப் பட்டியலில் சேர்க்க வேண்டுமானால் அதற்கென்று உள்ள முறைப்படி தனியாகச் சேர்க்க வேண்டும். டி.இ.ஏ. அதைச் செய்யவில்லை.

உச்ச நீதிமன்றத்துக்குப் போக அரசாங்கத்துக்கு 2004 செப்டம்பர் வரை அவகாசம் இருந்தது. போகவில்லை. வழக்கு அதோடு முடிந்தது.

இதில் நீதிமன்றம் 'ஹெம்ப் நல்லது' என்றோ 'கஞ்சா நல்லது' என்றோ சொல்லவே இல்லை. ஒரு உணவைக் குற்றமாக்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்பதுதான் கேள்வி. சட்டம் போடுபவருக்கா, அதை அமல்படுத்தும் அலுவலகத்துக்கா?

சாப்பிடலாம், விளைவிக்கக் கூடாது

2004-க்குப் பிறகு ஒரு வேடிக்கையான நிலை. அமெரிக்கர்கள் ஹெம்ப் விதை சாப்பிடலாம். ஆனால் அமெரிக்க விவசாயி அதைப் பயிரிட முடியாது. ஏனென்றால் வயலில் நிற்கும் செடி முழுக்க 'மரிஹுவானா'. எனவே லாபமெல்லாம் கனடா விவசாயிக்கு.

வடக்கு டகோட்டா மாநிலத்தில் கனடா எல்லைக்குப் பக்கத்தில் விவசாயம் செய்துவந்த டேவிட் மான்சன் அந்த மாநில சட்டசபை உறுப்பினரும்கூட. எல்லைக்கு அந்தப் பக்கம் ஹெம்ப் விளைகிறது, இந்தப் பக்கம் விளைவித்தால் ஜெயில். மாநில அரசு லைசென்ஸ் கொடுத்தும் மத்திய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அவரும் வேய்ன் ஹாகி என்ற இன்னொரு விவசாயியும் 2007-ல் வழக்குப் போட்டார்கள். தோற்றார்கள். மேல்முறையீடும் 2009-ல் தோற்றது. உணவு பற்றிய தீர்ப்பு வயலுக்கு உதவவில்லை.

2014 விவசாயச் சட்டம் ஆராய்ச்சிக்காக மட்டும் 0.3 சதவீதத்துக்குள் உள்ள ஹெம்ப்பைப் பயிரிட மாநிலங்களுக்கு வழி திறந்தது. அந்த வருடமே கென்டக்கி மாநில விவசாயத் துறை இத்தாலியிலிருந்து வரவழைத்த 250 பவுண்டு விதையை லூயிவில் நகரில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். மாநில அரசாங்கமே மத்திய அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டுத்தான் விதையை வாங்க வேண்டியிருந்தது!

கடைசியில் 2018 டிசம்பர் 20 அன்று புதிய விவசாயச் சட்டத்தில் ஜனாதிபதி டிரம்ப் கையெழுத்திட்டார். உலர் எடையில் 0.3 சதவீதத்துக்குள் டி.எச்.சி. உள்ள செடி போதைப்பொருள் பட்டியலிலிருந்தே வெளியே வந்தது. அதே நாளில் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) தோல் நீக்கிய ஹெம்ப் விதை, விதைப் புரதப் பொடி, விதை எண்ணெய் மூன்றும் உணவில் பாதுகாப்பானவை என்ற நிறுவனத்தின் முடிவில் தனக்குக் கேள்வி எதுவும் இல்லை என்று அறிவித்தது.

1937-லிருந்து கணக்குப் போட்டால் 81 வருடம்.

இப்போது பறவையின் முறை

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் அரசாங்க விதிகளுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு போலிருக்கிறது. மனிதன் சாப்பிட வழி கிடைத்த பிறகு, கால்நடைத் தீவனத்தில் ஹெம்ப் விதை கூடாது என்ற நிலை வந்தது. தீவனத்தில் சேர்க்கும் ஒவ்வொரு பொருளுக்கும் தனியாக ஒப்புதல் வேண்டும். கோழி சாப்பிட்டால் முட்டைக்குள் என்ன போகும் என்று நிரூபிக்க வேண்டும். முட்டையிடும் கோழிகளின் தீவனத்தில் ஹெம்ப் விதைப் பிண்ணாக்கு சேர்க்க 2024-ல்தான் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கம் ஒப்புதல் கொடுத்தது. பறவைக்கு உண்டு, மனிதனுக்கு இல்லை என்று 2001-ல் சொன்ன நாடு, பிறகு மனிதனுக்கு உண்டு, கோழிக்கு இல்லை என்று ஆறு வருடம் நின்றது!

இன்னொரு பிரச்சனையும் முளைத்தது. 2018 சட்டம் செடியின் டெல்டா-9 டி.எச்.சி.யை மட்டும் கணக்கில் எடுத்தது. சில வியாபாரிகள் ஹெம்ப்பிலிருந்து எடுத்த வேறு பொருளை மாற்றி, போதை தரும் மிட்டாய்களையே 'ஹெம்ப்' என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார்கள். விதை எண்ணெய்க்குப் போராடி வாங்கிய இடத்தில் போதை மிட்டாய் வந்து உட்கார்ந்தது. இதை அடைக்க 2025 நவம்பரில் காங்கிரஸ் வரையறையை மறுபடி இறுக்கியது. ஒரு வருட அவகாசத்தோடு வந்த அந்தச் சட்டம் மொத்த டி.எச்.சி.யையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. 1999-ல் அதிகாரிகள் பயந்தது அன்றைய ரொட்டிக்குப் பொருந்தவில்லை. ஆனால் ஹெம்ப் என்ற பெயருக்குப் பின்னால் போதை ஒளிந்துகொள்ளும் என்ற பயம் வேறு வழியில் உண்மையாகிவிட்டது. அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மற்ற நாடுகளும் இந்தியாவும்

ஆஸ்திரேலியா இன்னும் தயங்கியது. ஹெம்ப் உணவுக்கு அனுமதி கேட்டு வந்த கோரிக்கையை 2002-ல் அமைச்சர்கள் நிராகரித்தார்கள். உணவுத் தர அமைப்பு 2012-ல் சரி என்று சொன்னதையும் 2015-ல் நிராகரித்தார்கள். முக்கியமான கவலைகளில் ஒன்று, சாலையில் ஓட்டுநர்களுக்குச் செய்யும் போதைப் பரிசோதனை. கடைசியில் 2017 நவம்பர் 12 முதல் அனுமதி. விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், எண்ணெயில் 10 மில்லிகிராம் என்று எல்லை வைத்தார்கள். பொட்டலத்தின் மேல் கஞ்சா இலைப் படம் போடக் கூடாது என்றும் சொன்னார்கள். ஐரோப்பிய யூனியனில் விதைக்கு 3 மில்லிகிராம், எண்ணெய்க்கு 7.5 மில்லிகிராம்.

கேள்வியை இவர்கள் எப்படி மாற்றினார்கள் என்று பாருங்கள். 'இருக்கிறதா இல்லையா' என்பதை விட்டுவிட்டு 'எவ்வளவு இருக்கலாம்' என்று கேட்டார்கள். 2001-ல் டி.இ.ஏ. கேட்க மறுத்த கேள்வி இதுதான்.

இந்தியாவில் 1985-ல் வந்த போதைமருந்துச் சட்டம் (என்.டி.பி.எஸ்.) கஞ்சா என்பதற்குப் பூக்கும் அல்லது காய்க்கும் நுனி என்று வரையறை கொடுத்தது. நுனி சேராத விதையும் இலையும் அதில் வராது. இது 1961-ன் சர்வதேச ஒப்பந்தத்தில் இருக்கும் அதே வரையறை. எனவே உத்தராகண்ட் சட்னி எப்போதும் இந்தச் சட்டத்தின்படி குற்றமாக இருந்ததில்லை. ஆனால் 'குற்றம் இல்லை' என்பதும் 'உணவு' என்பதும் ஒன்றல்ல! பொட்டலம் போட்டு விற்க உணவுத் தரம் என்று ஒன்று வேண்டும். 2021 நவம்பரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு மூன்றையும் உணவாகவோ உணவில் சேர்க்கும் பொருளாகவோ விற்கலாம் என்று தரம் நிர்ணயித்து அரசிதழில் வெளியிட்டது. டி.எச்.சி.க்கு எல்லையும் வைத்தது. பாட்டி காலத்துச் சட்னிக்கு அரசாங்க முத்திரை கிடைக்க 2021 வரை ஆனது.

இந்த வரலாறு முழுக்க ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு உணவை எப்படி அளப்பது? அது வந்த செடியின் பெயரை வைத்தா, அதில் உண்மையில் இருப்பதை வைத்தா? கசகசாவுக்கு ஒரு அளவுகோல், ஹெம்ப் விதைக்கு இன்னொரு அளவுகோல் என்று ஒரே அரசாங்கம் மூன்று வருட இடைவெளியில் வைத்தது. அந்த வித்தியாசத்தைச் சுட்டிக்காட்ட சில சிறு நிறுவனங்களும், ஒரு நீதிமன்றமும், 1937-ல் புறாவுக்காகப் பேசிய ஒரு தீவன வியாபாரியும் தேவைப்பட்டார்கள்.

அடுத்த முறை குருமாவில் கசகசா அரைக்கும்போது யோசித்துப் பாருங்கள். அந்த விதைக்கும் எங்கோ ஒரு சட்டப் புத்தகத்தில் யாரோ ஒருவர் கேட்டு வாங்கிக் கொடுத்த ஒரு விதிவிலக்கு இருக்கிறது!